மீதிப் பாதி

சித்தூர், கிரீம்ஸ்பேட்டை
7.9.2022

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, கேசியா எழுதுகிறேன். நானும் நைனாவும் நாளைத் தள்ளிக்கொண்டு இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பெல்ட் போட்டுக்கொண்டுதான் வகுப்புக்குப் போகிறீர்களா?

நீங்கள் போன் எடுப்பதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. கடிதமாவது கைக்குப் போகும் என்று எழுதுகிறேன். ஏப்ரலில் நம் ஜில்லாவைப் பிரித்துத் திருப்பதியைத் தனி ஜில்லா ஆக்கியபோது நைனா பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, “கவர்மெண்டே எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கோடு போட்டுட்ச்சு பாரு” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவருக்கு இதயம் கால் பங்குதான் வேலை செய்கிறதாம். ஆபரேஷன் செய்யும் வயதில்லை, எண்பத்து மூன்று ஆகிறது. “இருக்கிற வரைக்கும் மனசு நோகாம பார்த்துக்கோம்மா” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன ஞாயிறு திருவிருந்து. வழக்கம்போல அப்பத்தட்டு நைனாவைத் தாண்டிப் போனது. புதிதாக வந்திருக்கும் பாஸ்டர் வீடு தேடி வந்து, “பத்தொன்பது வருஷமா எடுக்கறதில்லயாமே ஐயா, ஏன்?” என்று கேட்டார். “இன்னும் வேளை வரல பாஸ்டர்” என்றார் நைனா.

சாவதற்கு முன் ஒரு தரமாவது அந்த அப்பத்தை எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. என்னிடம் சொல்லியிருக்கிறார். ஏதாவது ஒரு மாத முதல் ஞாயிறு திருவிருந்துக்கு நீங்கள் வாருங்கள் அண்ணா. பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தானே. வேறெதுவும் கேட்கவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.
தங்கை, கேசியா

திருப்பதி, பைராகிப்பட்டெட
21.9.2022

அன்புள்ள கேசியா,

முதுகுவலி அப்படியே இருக்கிறது. பெல்ட் கிழிந்துவிட்டது. உன் கால் வீக்கம் வடிந்ததா?

வரமாட்டேன். காரணத்தை நீ மறந்திருப்பாய், அதனால் எழுதுகிறேன். 2003 ஆகஸ்ட். நாலு வருஷம் படித்து இறையியல் பட்டம் வாங்கி, ஏழு வருஷம் சபையில் ஊழியம் செய்து, குருப்பட்டத்துக்கு என் பெயர் போயிருந்தது. நைனாவோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் சடகோபன் மாமா திருமலைக்குப் போய்வந்து ஒரு லட்டு கொடுத்தார். நான் பாதி சாப்பிட்டேன். பக்கத்து வீட்டு மனிதர் அன்போடு கொடுத்ததைச் சாப்பிட்டேன், அவ்வளவுதான். எவனோ சபைக் கமிட்டிக்குச் சொல்லிவிட்டான். விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிட்டவன் திருவிருந்து கொடுக்கலாமா என்று விசாரணை வைத்தார்கள். முதல் நூற்றாண்டுச் சபைகளே சண்டை போட்டு ஓய்ந்த கேள்வி அது. அதைச் சொல்ல நாற்பது நிமிடப் பேச்சு தயாரித்து வைத்திருந்தேன். அதற்கு இடமே வரவில்லை. முதல் சாட்சி என் தகப்பன். ஹெட்மாஸ்டர் சைமன் எழுந்து நின்று, “துன்னான். நான் பார்த்தேன்” என்றார். மூன்று வார்த்தையில் என் பதினோரு வருஷம் போயிற்று. என்னோடு படித்தவன் இன்று அங்கி போட்டுக்கொண்டு காரில் போகிறான். நான் தனியார் கல்லூரியில் மானுடவியல் சொல்லிக்கொடுக்கிறேன், அதுவும் பி.காம். பிள்ளைகளுக்கு.

மீதிப் பாதி லட்டை அவர் குப்பையில் போட்டார் என்பதும் எனக்குத் தெரியும். மறுநாள் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது.

ஆனால் அவர் பத்தொன்பது வருஷமாக அப்பம் எடுப்பதில்லை என்பது எனக்குப் புதுச் செய்தி. வெறும் கிழட்டுப் பிடிவாதமாக இருக்காது. பிப்ரவரியில் இங்கே ஒரு கருத்தரங்கு. தென்னிந்தியக் கிறிஸ்தவச் சடங்குகளும் அவற்றின் பொருளும் என்பது தலைப்பு. எனக்குச் சில தகவல்கள் வேண்டும்: எந்தத் தேதியிலிருந்து? எந்த பெஞ்சில் உட்காருகிறார்? தட்டு வரும்போது கை, கண், உதடு என்ன செய்கின்றன? யாரோடு பேசுகிறார்? பார்த்ததை மட்டும் எழுது. உன் அபிப்பிராயம் வேண்டாம்.

மாத்திரை தவறாமல் போடு.
தியோடர்

சித்தூர்
9.10.2022

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு, உங்கள் கடிதம் வந்தது. என் கால் வீக்கம் குறையவில்லை. கரும்பலகை முன்னால் நிற்கும் உத்தியோகத்தில் எப்படிக் குறையும்?

கேட்டவற்றுக்குப் பதில். தேதி: விசாரணைக்கு அடுத்த ஞாயிறு. அன்று காலையில்தான் நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினீர்கள். பெஞ்ச்: ஆண்கள் பக்கம் கடைசிக்கு முந்தியது, ஓரம். தனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு, அதில் பாட்டுப்புத்தகத்தை வைத்துக்கொள்வார். யாராவது வந்தால், “ஆள் வராங்க” என்பார். திருவிருந்துக்கு முன்னால் பாஸ்டர் வழக்கமான எச்சரிப்பு வாசிப்பார் இல்லையா, யாரோடாவது குறை இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்று? அப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தட்டு வரும்போது இரண்டு கையும் முழங்கால் மேல். கண் வாசலைப் பார்க்கும். தட்டு தாண்டிப் போகும் வரை வாசலைத்தான் பார்ப்பார். உதடு அசையாது.

பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னீர்கள். பார்த்தது இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதில்லை என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது அவர் வாயால் உங்கள் காதில் விழ வேண்டியது.

நவம்பர் ஆறாம் தேதி முதல் ஞாயிறு.
கேசியா

திருப்பதி
2.11.2022

அன்புள்ள கேசியா,

சௌக்கியம் விசாரித்ததாக வைத்துக்கொள். நேராக விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது.

நீ அனுப்பியது தங்கம். உனக்கே தெரியாமல் நல்ல கள ஆய்வாளராக இருக்கிறாய். பக்கத்தில் காலி இடம்: சபையிலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டுகிறார். பாட்டுப்புத்தகம் அந்தப் பிரிவுக்கு வேலி. வாசலைப் பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். வாசல் உள்ளேயும் சேராதது, வெளியேயும் சேராதது. மிஷனரி மதத்துக்கும் தன் மண்ணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு தலைமுறையின் இடம் அது. லட்டைக் குப்பையில் போட்டு ஒரு பக்கத்தைத் துறந்தார். அப்பத்தை மறுத்து மறுபக்கத்தையும் துறந்தார். எந்தச் சமையலறைக்கும் சொந்தமில்லாத மனிதர். கட்டுரையின் தலைப்பு ‘இரண்டு மறுப்புகள்’.

அவர் மனதில் என்ன இருந்தது என்று நீ கேட்பாய். அது தேவையில்லை. ஒரு செயலின் பொருள் செய்தவன் நெஞ்சைத் திறந்து எடுப்பதில்லை. பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழியில் அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்கத் தெரிந்திருந்தால் போதும். உன் வாக்குறுதியை நீயே வைத்துக்கொள். எனக்கு அது இல்லாமலே கட்டுரை நிற்கும்.

ஆறாம் தேதி எனக்குத் தேர்வு மேற்பார்வை இருக்கிறது.
தியோடர்

சித்தூர்
28.11.2022

அன்பான அண்ணனுக்கு, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். எனக்குப் புரிந்த வரையில், பார்க்கிறவர்களுக்குப் பொருள் தெரியும் என்கிறீர்கள். பார்க்கிறவர்களில் நீங்கள் இல்லையே அண்ணா. பத்தொன்பது வருஷமாக இல்லை. அம்மா அடக்கத்துக்கு வந்தபோதுகூடக் கல்லறைத் தோட்டத்தோடு திரும்பிவிட்டீர்கள்.

நைனாவுக்குக் கண் மங்கிவிட்டதால் சடகோபன் மாமா தினமும் வந்து பேப்பர் வாசித்துக் காட்டுகிறார். நேற்று அவர், “உம் புள்ள பாதி லட்டு துன்னதுக்கு உத்தியோகம் போச்சு. நான் அறுவது வருஷமா துன்றேன், எனக்கு சுகர்தான் வந்துச்சு” என்றார். வேறு நாளாக இருந்தால் நைனா சிரிப்பார். நேற்று எழுந்து உள்ளே போய்விட்டார். மாமா என்னிடம் மெதுவாக, “நான் ஒரு பொட்டலத்தக் குடுத்து ஒரு வூட்டயே கெடுத்துட்டனாம்மா?” என்று கேட்டார்.

கிறிஸ்துமஸ் ஆராதனை காலை ஐந்தரைக்கு. உங்கள் பழைய கட்டிலுக்கு மெத்தை உறை மாற்றியிருக்கிறேன்.
கேசியா

திருப்பதி
20.2.2023

அன்புள்ள கேசியா,

கிறிஸ்துமஸுக்கு வராததற்கும் இத்தனை நாள் எழுதாததற்கும் வேலைதான் காரணம். வேறொன்றும் இல்லை. நைனாவுக்கு மூச்சுத்திணறல் என்று நீ ஜனவரியில் போட்ட கார்டு வந்தது.

கருத்தரங்கு முடிந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் பேசி முடித்ததும் ஆட்கள் எழுந்து வந்து கை கொடுத்தார்கள். டெல்லியிலிருந்து வந்த ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் துறைத்தலைவர் நாகபூஷணம், எனக்கு ஏழு வருஷம் இளையவன், எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன், எல்லார் முன்னாலும், “ஃபாதர் காரு, இன்னிக்கு மீரு சர்ச்சிலேயே இருந்திருந்தா எங்களுக்கு இந்தப் பேப்பர் கிடைச்சிருக்காதே!” என்றான். அவன் என்னை ஃபாதர் என்று கூப்பிடுவது கிண்டல். இருந்தாலும் அன்று சொன்னது பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஆய்விதழ் ஒன்று கட்டுரையை வாங்கிக்கொண்டது. இந்தத் தடவை பதவி உயர்வை அவர்களால் தள்ளிப்போட முடியாது.

பிரதி ஒன்று அனுப்புகிறேன். நைனாவுக்கு வாசித்துக் காட்டு. கண்தான் மங்கிவிட்டது, காது கேட்குமே. தன்னைப் பற்றி ஒருவன் இவ்வளவு யோசித்திருக்கிறான் என்று தெரியட்டும். சாட்சி சொல்ல எனக்கும் தெரியும்.
தியோடர்

சித்தூர்
5.3.2023

அன்பான அண்ணனுக்கு,

வாசித்துக் காட்டினேன். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொன்னேன், சில இடம் தெலுங்கில் சொன்னால்தான் எனக்கே வந்தது. நைனா கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் பையன் பாடம் ஒப்பிக்கும்போது கேட்பது மாதிரிக் கேட்டார். முடிந்ததும், “நல்லா எழுதிக்கிறான். இங்கிலீஷ் ஸ்டைலு சுத்தம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “குப்பையில போட்டேன்னு எழுதிக்கிறானே, அத அடிக்கச் சொல்லு. நான் போடல” என்றார்.

பிறகு காகிதம் கேட்டார். கோணல்மாணலாக அவரே எழுதினார். உள்ளே வைத்திருக்கிறேன். ஏப்ரல் ஆறு பெரிய வியாழன், சாயங்காலம் திருவிருந்து.
கேசியா

(உள்ளே வைத்திருந்தது)

தியோடருக்கு நைனா எழுதுவது. நான் சுகம். நீ சுகமாயிரு.

அந்த மீதிப் பாதியை நான் துன்னேன். நீ வெளியே போன பிறகு, அடுப்பங்கரையில் நின்றுகொண்டு துன்னேன். வீணாகக் கூடாது என்று நினைத்ததாகப் பிறகு எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். வாசனை நன்றாக இருந்தது. கேசியா பார்த்துவிட்டாள். தட்டைக் கழுவியது நான்தான்.

கமிட்டியில் உன்னைப் பற்றி மட்டும் கேட்டார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுது, மிச்சத்துக்கு மார்க் கிடையாது என்று. உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. எழுந்து சொல்லியிருக்கலாம். சபையில் என் பேர் போய்விடும் என்று பயந்தேன்.

அந்த வாயால் அப்பம் எடுக்க முடியவில்லை. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும். நீ வருவாய் என்று ஒவ்வொரு முதல் ஞாயிறும் பக்கத்தில் இடம் போட்டு வைத்தேன். நானே திருப்பதிக்கு வந்திருக்க வேண்டும். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பிவிட்டேன்.

எனக்கு உன் மன்னிப்பு வேண்டும்.
சைமன்

திருப்பதி
20.3.2023

கேசியா,

அந்தக் கடிதத்துக்குப் பதில் உனக்குத்தான் எழுதுகிறேன். அவருக்கு எழுத இன்னும் என்னால் முடியவில்லை.

நீயும் பார்த்தாய். பார்த்துவிட்டு, நான் பெட்டி கட்டும்போது எனக்குச் சட்டை மடித்துக் கொடுத்தாய். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியவில்லை.

அவர் என்னைக் குற்றவாளி ஆக்கியது தனி அறையில் நடக்கவில்லை. அறுபது பேர் நடுவில் நடந்தது. மன்னிப்புக் கேட்பதை மட்டும் தபாலில் செய்கிறார். “துன்னான்” என்று எந்த இடத்தில் சொன்னாரோ, அதே இடத்தில் எழுந்து நின்று “நானும் துன்னேன்” என்று சொல்லட்டும். பெரிய வியாழனன்றே சொல்லட்டும். அதற்குப் பிறகு நான் வருவதைப் பற்றிப் பேசலாம்.

கட்டுரையில் அந்த வரியை அடிக்க முடியாது. அச்சுக்குப் போய்விட்டது.
தி.

சித்தூர்
8.4.2023

அன்பான அண்ணனுக்கு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட இன்று வரவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நீங்கள் எழுதியதை அவரிடம் மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன். கையெழுத்தைத் தடவிப் பார்த்தே, “அவன்தானே? இன்னா சொல்றான்?” என்றார். வாசித்தேன். “நியாயம்தான் கேக்கறான்” என்றார்.

வியாழக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி, நானும் சடகோபன் மாமாவும் இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிப்போனோம். மாமா வெளியே செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டார். எச்சரிப்பு வாசித்து முடித்ததும் நைனா எழுந்து, மைக் கொண்டு வரச் சொன்னார். “2003ஆம் வருஷம் என் மகன் தியோடர் பாதி லட்டு துன்னான்னு இதே இடத்துல சாட்சி சொன்னேன். மீதி பாதிய நான் துன்னேன். அத மறைச்சேன்” என்றார். நின்றுகொண்டே இருந்தார்.

அன்று அந்த விசாரணையில் இருந்தவர்களில் ஒருவர்கூட இப்போது சபையில் இல்லை அண்ணா, போய்ச் சேர்ந்தவர்கள் போக மற்றவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்னால் இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். நம் தெருச் செல்லியம்மாவின் மருமகள் சத்தமாகவே, “அதுக்கின்னா தாத்தா, எங்க ஆபீஸ்ல வாரத்துக்கு ஒரு தபா குடுக்கறாங்க, நாங்க எல்லாம் துன்னுக்கினுதான் இருக்கறோம்” என்றாள். சபை முழுக்கச் சிரித்தது. பாஸ்டர்கூடப் புன்னகையோடு, “கர்த்தர் எப்பவோ மன்னிச்சிட்டாரு, உக்காருங்க ஐயா” என்றார். கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை. சின்ன விஷயத்தைப் பெரிதாக நினைக்கும் கிழவர் என்ற பிரியத்தில் சிரித்தார்கள். நைனா சுற்றிலும் முகத்தைத் திருப்பினார். தன்னைத் திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் மிச்சம் இல்லை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தட்டு வந்தது. அவர் எடுக்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போய், ஆலயம் பூட்டும் கோயில்பிள்ளை விளக்கணைக்க வரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.
கேசியா

சித்தூர்
2.5.2023

அண்ணா,

நைனா ஏப்ரல் 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்விட்டார். மறுநாள் அம்மா பக்கத்தில் வைத்தோம். போன் பதினான்கு தடவை அடித்தேன். சடகோபன் மாமா மகன் உங்கள் வீடு வரை வந்தான். பேப்பர் திருத்த அனந்தபுரம் போயிருக்கிறீர்கள், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று தெரியாது என்று வீட்டு ஓனரம்மா சொன்னாளாம்.

அன்று காலை பாஸ்டர் அப்பம் கொண்டுவந்தார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். கையை நீட்டினார். வாங்கி ரொம்ப நேரம் விரலில் வைத்திருந்தார். பிறகு பாதியாக உடைத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மற்றதை என் கையில் வைத்து மூடினார். “இது அவனுக்கு. இந்தத் தரம் மீதி அவனுக்கு” என்றார். பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு ஜெபம் பண்ணி முடித்தார்.

காகிதத்தில் மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து இதற்குப் பொருள் எழுத வேண்டாம்.
கேசியா

திருப்பதி
19.5.2023

அன்புள்ள கேசியா,

நீ நன்றாக இருக்கிறாயா? இந்தத் தடவை பதில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

கவர் வந்தது. தபால் முத்திரை அப்பத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. நொறுங்கி மூன்று துண்டும் கொஞ்சம் தூளுமாக இருந்தது. அப்படியே மடித்து மேசையில் வைத்திருக்கிறேன். சாப்பிடவில்லை. உன்னிடம் முதலில் ஒன்று சொல்ல வேண்டும்.

பெரிய வியாழனன்று நான் சித்தூரில்தான் இருந்தேன்.

ஐந்து மணி பஸ்ஸில் வந்தேன். ஆலயத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடைப் பக்கம் மதிலை ஒட்டி நின்றேன். செருப்பு விடும் இடத்தில் சடகோபன் மாமா நிற்பது தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் நைனா குரல் கேட்டது. என் பெயரைச் சொன்னார். சொல்ல வேண்டியதை முழுவதும் சொன்னார். நான் ரோட்டைத் தாண்டி கேட் வரை வந்துவிட்டேன், கேசியா. கம்பியில் கை வைத்துவிட்டேன். அப்போது அந்தச் சிரிப்பு கேட்டது. என்னைப் பார்த்துத்தான் சபை சிரிக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எந்தச் சிரிப்பையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். திரும்பி நடந்து பஸ் ஏறிவிட்டேன். காணிப்பாக்கம் தாண்டும் வரை கோபமாகவே இருந்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நீ எழுதிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதற்குப் பிறகும் நான் கிளம்பி வரவில்லை. பதினொரு நாள் இருந்தது.

ஆய்விதழ் வந்துவிட்டது. நாற்பதாம் பக்கத்தில் நைனா இன்னும் லட்டைக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறார். பதவி உயர்வுக் கடிதமும் வந்தது. நாகபூஷணம் எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கச் சொன்னான்.

ஜூன் நாலாம் தேதி முதல் ஞாயிறு. வருகிறேன். அவர் இடம் போட்டு வைத்திருந்த இடத்தில் உட்காருவேன். பாட்டுப்புத்தகம் அங்கேயே இருந்தால் எடுக்காதே. தட்டு வந்தால் தாண்டிப் போகட்டும். ஏன் எடுக்கவில்லை என்று பக்கத்தில் இருப்பவர் யாராவது கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்த மாட்டேன். வெளியே கேட் வரை வந்ததையும் சேர்த்துச் சொல்வேன்.
அண்ணன், தியோடர்